கார்ட்டூன் என்று ஒதுக்கியவர்களுக்கு: ஜப்பானிய அனிமேஷன் படங்களைப் பெரியவர்கள் பார்க்கத் தொடங்க ஒரு வழிகாட்டி

திரையில் ஒரு குடும்பம் அன்னாசிப்பழம் சாப்பிடுகிறது. டோக்கியோ, 1966. அப்பா பழத்தை வாங்கி வந்துவிட்டார். அதை எப்படி வெட்டுவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா எங்கோ விசாரித்துத் தெரிந்துகொண்டு வரும்வரை பழம் காத்திருக்கிறது. பிறகு பாட்டி முதல் கடைக்குட்டி வரை சுற்றி உட்கார்ந்து பார்க்க, கத்தி இறங்குகிறது. வாசனையே எல்லோரையும் மயக்குகிறது. ஆளுக்குக் கொஞ்சம். வாயில் வைத்தால் கட்டையாக இருக்கிறது, இனிப்பே இல்லை. ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்திவிடுகிறார்கள். கடைக்குட்டி தாயெகோ மட்டும் விடாப்பிடியாக மென்றுகொண்டே இருக்கிறாள்.

இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டுமே ஆப்பிள் வாங்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த மெல்லும் வாய் நன்றாகத் தெரிந்த வாய். சிறுபிள்ளைகளுக்கு இந்தக் காட்சியில் எதுவும் இல்லை. ஆசைப்பட்டது கைக்கு வந்தபின் சப்பென்று போவதை நாலைந்து முறையாவது அனுபவித்தவர்களுக்காக ஒருவர் உட்கார்ந்து இதை வரைந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட படங்கள் ஜப்பானில் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தவறவிடுவது பெரிய இழப்பு என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் எந்தப் படத்தில் தொடங்குகிறோம், எப்படிப் பார்க்கிறோம் என்பது முக்கியம். தவறான படத்தில் தொடங்கி, பதினைந்தாம் நிமிடத்தில் அணைத்துவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இந்த வரிசையை எழுதுகிறேன்.

முதல் படி: 'அனிமே' என்ற சொல்லைச் சற்று விரித்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் அனிமே என்றால் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பார்க்கும் நூற்றுக்கணக்கான பகுதிகள் கொண்ட சண்டைத் தொடர் என்று ஆகிவிட்டது. ஜப்பானியருக்கு அந்தச் சொல் அனிமேஷன் எதையும் குறிக்கும். அந்தத் தொடர்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. ஒரே அமர்வில் பார்த்து முடிக்கும் திரைப்படங்கள் மட்டுமே நம் கணக்கு.

பெரியவர்களுக்கான படம் அங்கே எப்படி வந்தது? போருக்குப் பிந்தைய தலைமுறை படக்கதை படித்தே வளர்ந்தது. வளர்ந்த பிறகும் அது படிப்பதை நிறுத்தவில்லை. தன் வயதுக்கேற்ற கதை கேட்டது. 1957இல் யோஷிஹிரோ தத்சுமி தன் இருண்ட, யதார்த்தமான படக்கதைகளைக் குழந்தைகளின் 'மங்கா'விலிருந்து பிரித்துக்காட்ட 'கெகிகா' என்ற புதுச் சொல்லையே உருவாக்கினார். வரைந்த கதை என்றால் குழந்தைக்கதை என்ற கட்டு அங்கே அப்போதே தளர்ந்துவிட்டது. வாசகர் இருந்ததால் பார்வையாளரும் இருந்தார்கள்.

இரண்டாம் படி: முதல் படத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரை 'ஸ்பிரிட்டட் அவே'. ஹயாவோ மியாசாகி இயக்கி, ஸ்டுடியோ ஜிப்லி 2001இல் வெளியிட்டது. 2002இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடியும், 2003இல் ஆஸ்கரும் பெற்றது. விருதுக்காக இதைச் சொல்லவில்லை. சிஹிரோ என்ற பத்து வயதுச் சிறுமி தேவர்களும் ஆவிகளும் குளிக்க வரும் ஒரு குளியல் விடுதியில் மாட்டிக்கொள்கிறாள். பிழைக்க வேண்டுமானால் அங்கே வேலை செய்தாக வேண்டும். விடுதிக்காரி யுபாபா ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறாள். அதோடு பெயரிலிருந்து எழுத்துகளை உருவி எடுத்துக்கொள்கிறாள். சிஹிரோ அன்றிலிருந்து வெறும் 'சென்'. சொந்தப் பெயரை மறந்தால் வீடு திரும்பும் வழியும் மறந்துபோகும். சிறுவர்கள் இதை மாயக்கதையாகப் பார்ப்பார்கள். முதல் வேலையில் சேர்ந்த நாளை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் இது மாயமாகவே தோன்றாது.

பேய், தேவதை எதுவும் வேண்டாம், மனிதர்கள் போதும் என்பவர்கள் சதோஷி கோன் இயக்கிய 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003) படத்தில் தொடங்கலாம். தெருவில் வாழும் மூவருக்குக் கிறிஸ்துமஸ் இரவில் குப்பைக்கு நடுவே ஒரு கைக்குழந்தை கிடைக்கிறது. சிரிப்பும் கண்ணீருமாக ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது.

தொடங்கக் கூடாதவையும் சில. 'அகிரா' (1988) மகத்தான படம்தான், ஆனால் நெரிசலானது. கத்சுஹிரோ ஒதோமோ தன் பெரிய படக்கதையைத் தானே இரண்டு மணி நேரத்தில் அடக்க முயன்றது. கண் பழகாதவருக்கு மூச்சுமுட்டும். 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்', 'பெர்ஃபெக்ட் புளூ' இரண்டையும் நிச்சயம் முதல் வாரத்தில் தொடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: எந்த மொழியில், எந்த நேரத்தில்

ஜப்பானியக் குரல், ஆங்கில வசன வரி. இதுதான் என் முடிவு. தமிழில் பார்க்க ஆசை எனக்கும் உண்டு. ஜப்பானியரான யூகோ சாகோவும் நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய ராமாயண அனிமேஷன் படம் 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடு திரையரங்குக்கு வந்தபோது மகிழ்ந்தேன். ஆனால் இந்த வழிகாட்டியில் சொல்லும் பெரும்பாலான படங்களுக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. ஆங்கில டப்பிங்கை நான் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. மியாசாகியின் 'காஸ்டில் இன் தி ஸ்கை' (1986) அமெரிக்காவுக்காக டப்பிங் செய்யப்பட்டபோது, மூலத்தில் அமைதியாக இருந்த இடங்களில் கூடுதல் வசனமும் கூடுதல் இசையும் சேர்த்தார்கள். இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியே அதை விரித்து எழுதிக் கொடுத்தார். கெட்டுப்போகவில்லை, ஆனால் அமைதி போய்விட்டது. அந்த அமைதிக்காகத்தான் நாம் இந்தப் படங்களுக்கு வருகிறோம்.

இரவு, வீடு அடங்கிய பிறகு உட்காருங்கள். கைப்பேசித் திரையில் வேண்டாம், மடிக்கணினியாவது வேண்டும். வேகத்தைக் கூட்டி ஓட்டவே கூடாது. ஆங்கிலம் வராத பெரியவரோடு பார்ப்பதானால் ஒரு வழி சொல்கிறேன். அம்மாவோடு பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து முக்கியமான வரிகளை மட்டும் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்வேன். முதல் அரை மணி நேரம் 'என்ன சொல்றா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதன்பிறகு கேட்கவில்லை. முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

நான்காம் படி: அசையாத இடங்களைப் பார்க்கப் பழகுங்கள்

இந்தப் படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது.

கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தால் பார்வை மாறும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) ஓடுகிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு படம் வரைந்தால் அசைவு வழுவழுவென்று இருக்கும். செலவும் ஏறிக்கொண்டே போகும். 1963 ஜனவரியில் படக்கதைக் கலைஞர் ஒசாமு தெசுகா வாராந்திரத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தொடங்கியபோது அவரிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டுப் படங்களில் வேலையை முடித்தார். முகம் அப்படியே நிற்க, வாய் மட்டும் அசையும். வறுமையால் வந்த இந்தச் சிக்கனம் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு பாடமாயிற்று: அசைவு விலை உயர்ந்தது, ஆகவே எதை அசைப்பது, எதை அப்படியே விடுவது என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்க வேண்டும். நடிகரைப் படம் பிடித்தால் காற்றில் ஆடும் முடிக்கற்றை தானாகவே பதிவாகிவிடும். வரையும் படத்தில் அந்த முடிக்கற்றை ஆடுகிறது என்றால் யாரோ ஒருவர் அதை விரும்பி, வேலை மெனக்கெட்டு ஆடவைத்திருக்கிறார்.

ஜப்பானிய மொழியில் 'மா' என்று ஒரு சொல் உண்டு. இரண்டு செயல்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம், இடைவெளி. 2002இல் அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட் கேட்டபோது மியாசாகி சில முறை கைதட்டிக் காட்டி, தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே உள்ளதுதான் 'மா' என்று விளக்கினார்.

'ஸ்பிரிட்டட் அவே'யின் ரயில் பயணத்தில் இதைப் பரிசோதித்துப் பாருங்கள். தண்டவாளம் தண்ணீருக்கடியில் இருக்கிறது. ரயில் கடல்மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் திரும்பி வரும் வண்டியும் இருந்தது, இப்போது போகும் வண்டி மட்டும்தான் என்று கொதிகலன் அறைக் கிழவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். உள்ளே பயணிகள் ஒளி ஊடுருவும் நிழல் உருவங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். ஒரு நடைமேடையில் ஒரு சிறுமியின் நிழல் நின்றுகொண்டு ரயிலையே பார்க்கிறது. யார் அவள், யாருக்காகக் காத்திருக்கிறாள், படம் சொல்லவில்லை. சிஹிரோ முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மாலை இருட்டிக்கொண்டு வருகிறது. பேச்சே இல்லை. அந்த இடத்தில் 'கதை நகரவில்லை' என்று பொறுமை இழக்காமல் நீங்கள் உட்கார்ந்திருந்தால், அடுத்த படிக்குத் தயாராகிவிட்டீர்கள்.

ஐந்தாம் படி: 'ஒன்லி யெஸ்டர்டே'

தொடக்கத்தில் சொன்ன அன்னாசிப்பழம் இந்தப் படத்தில்தான் வருகிறது. 1991, இயக்குநர் இசாவோ தகாஹதா. மியாசாகியோடு சேர்ந்து ஜிப்லியைக் கட்டியெழுப்பியவர். என் மனத்தில் மியாசாகிக்கும் ஒரு படி மேலே இருப்பவர். ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கதை சின்னது. 1982. தாயெகோவுக்கு வயது 27, திருமணமாகவில்லை, டோக்கியோவில் அலுவலக வேலை. விடுமுறைக்கு யமகதா பகுதியிலுள்ள ஒரு கிராமத்துக்கு ரயில் ஏறுகிறாள், குசும்பப்பூ பறிப்பதற்காக. ரயிலில் அவளோடு ஐந்தாம் வகுப்புத் தாயெகோவும் ஏறிக்கொள்கிறாள். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது ஏன் என்று புரியாமல் கணக்கில் மதிப்பெண் குறைந்தது, அப்பா ஒரே ஒருமுறை அடித்தது, ஓர் அந்தி நேரத்தில் ஒரு பையன் வழிமறித்து 'உனக்கு வெயில் பிடிக்குமா, மழை பிடிக்குமா, மேகமூட்டமா?' என்று கேட்டது. இவைதான் படம்.

பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். 1966இல் நடக்கும் காட்சிகளின் ஓரங்கள் வெளுத்து வெள்ளையில் கரைந்திருக்கும். நடுவில் அன்னாசி தெளிவாக இருக்கும். அறையின் மூலை இருக்காது. நம் நினைவும் அப்படித்தானே இருக்கிறது? 1982 காட்சிகளில் ஒவ்வொரு இலையும் கூர்மை. இரண்டாவது, பெரிய தாயெகோ சிரிக்கும்போது கன்னத்தில் விழும் கோடுகள். ஜப்பானில் வழக்கமாகப் படத்தை வரைந்த பிறகுதான் குரல் பதிவு செய்வார்கள். இந்தப் படத்தின் பெரியவர் பகுதிக்குத் தகாஹதா முதலில் குரலைப் பதிவு செய்தார். நடிகர்கள் பேசிய விதத்தைப் பின்பற்றிக் கன்னத் தசைகளை வரையச் சொன்னார். அழகான முகம் வேண்டும் என்பவர்களுக்கு அந்தக் கோடுகள் முதலில் உறுத்தலாக இருக்கும். எனக்கும் இருந்தது. அரை மணி நேரத்தில் அந்தக் கோடுகள் இல்லாமல் அவளை நினைக்க முடியாமல் போய்விட்டது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். படத்தின் முடிவு அந்தப் பெயர்களுக்கு நடுவேதான் நிகழ்கிறது.

ஆறாம் படி: வில்லன் யார் என்று தேடுவதை விட்டுவிடுங்கள்

மியாசாகியின் 'பிரின்சஸ் மொனோனோகே' (1997) காட்டை அழித்து இரும்பு உருக்கும் ஓர் ஊரைப் பற்றியது. தலைவி எபோஷி காட்டுத் தெய்வங்களைத் துப்பாக்கியால் சுடுகிறாள். அவளால் சாபம் பெற்ற அஷிதாகா என்ற இளைஞன் அவள் முன்னால் வந்து நிற்கிறான். சாபம் ஏறிய அவன் கை அவளைக் கொல்லத் துடிக்கிறது. அப்போது கட்டுப்போட்டபடி படுத்திருக்கும் ஒரு தொழுநோயாளி பேசுகிறார். யாரும் கிட்ட வராத எங்களை மனிதராக நடத்தியவள் இவள் ஒருத்திதான், அழுகிய எங்கள் சதையைக் கழுவிக் கட்டுப்போட்டவள், அவளைக் கொல்லாதே என்கிறார். ஊரின் உலைத் துருத்தியை மிதிக்கும் பெண்கள் எல்லோரும் விலைமகளிர் விடுதிகளிலிருந்து அவள் மீட்டுக் கொண்டுவந்தவர்கள். காடும் அழியக் கூடாது, அந்தப் பெண்களும் தெருவுக்குப் போகக் கூடாது. இந்த முடிச்சைப் படம் அவிழ்த்துக் கொடுப்பதில்லை. ஓர் ஆலையை மூடு என்று போராடும் ஊரிலேயே அந்த ஆலைச் சம்பளத்தில் படித்த பிள்ளைகளும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது.

ஏழாம் படி: போர்ப் படங்கள், இந்த வரிசையில் மட்டும்

முதலில் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' (2016), இயக்குநர் சுனாவோ கதாபுச்சி. ஹிரோஷிமாவில் பிறந்த சுசு 1944இல் குரே என்ற கடற்படைத் துறைமுக ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். ரேஷன் குறைந்துகொண்டே வருகிறது. அவள் வரப்போரத்துக் கீரைகளையும் செடிகளையும் பறித்து வந்து, இருக்கிற அரிசியை எப்படியெல்லாம் பெருக்கிச் சமைக்கலாம் என்று முயற்சி செய்கிறாள். அம்மா இந்தக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய அம்மா கஞ்சியில் முருங்கைக்கீரையைச் சேர்த்துப் பெருக்கிய கதையை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார். படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அணுகுண்டு விழுந்து இல்லாமல் போன ஹிரோஷிமாவின் நகாஜிமா பகுதிக் கடைவீதியைக் கதாபுச்சி பழைய புகைப்படங்களையும் தப்பிப் பிழைத்தவர்களின் நினைவுகளையும் வைத்துக் கடை கடையாகத் திரும்ப வரைந்தார். இப்போது அந்த இடம் அமைதிப் பூங்கா. படத்தின் தொடக்கத்தில் சிறுமி சுசு அந்த வீதியில் நடந்து போகிறாள், கடைக்காரர்கள் கடைவாசலில் நிற்கிறார்கள். என்ன நடக்கப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் தகாஹதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. 1988 ஏப்ரலில் வெளிவந்தது. 1945இல் கோபே நகரத்தின் மீது நெருப்புக் குண்டுகள் விழுந்த பின் அனாதைகளாகும் பதினான்கு வயது செய்தா, நான்கு வயதுத் தங்கை செத்சுகோ இருவரின் கதை. செய்தா இறந்துபோகிறான் என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மூலக் கதையை 1967இல் எழுதிய அகியுகி நொசாகா அந்தக் குண்டுவீச்சில் பிழைத்து, தன் சின்னத் தங்கையைப் பட்டினியில் இழந்தவர். தகாஹதாவும் ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்து வான்தாக்குதலில் தப்பியவர்.

இதைத் தனியாகப் பார்க்காதீர்கள். குழந்தைகளோடும் பார்க்காதீர்கள். மறுநாள் விடுமுறையாக இருக்கட்டும்.

இளம் வயதில் பார்ப்பவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடாமல் குத்திப் பேசும் அத்தையின் மேல் ஆத்திரப்படுவார்கள். நாற்பதுக்குப் பிறகு பார்த்தால் வேறொன்று தெரியும். அத்தை கொடியவள்தான், ஆனால் அந்த வீட்டில் பொறுத்துப் போயிருந்தால் தங்கை பிழைத்திருப்பாளோ என்ற கேள்வி வரும். மானம் பெரிது என்று கிளம்பிவிடும் பதினான்கு வயதுப் பையனை உலுக்கித் திரும்ப அழைத்துவர வேண்டும் போலிருக்கும். இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று சொல்வதைத் தகாஹதா ஏற்கவில்லை. உலகத்தை விட்டு விலகித் தாங்கள் இருவர் மட்டும் வாழ்ந்துவிடலாம் என்று நினைத்த பிள்ளைகளின் கதையாகத்தான் அவர் அதைப் பார்த்தார். போரில் மாண்ட பிள்ளைகளுக்காக அழுவதோடு நின்றுவிடாமல் செய்தாவோடு மனத்துக்குள் வாதாட வைப்பதால்தான் இந்தப் படம் இத்தனை ஆண்டுகளாக என்னை விடவில்லை.

எட்டாம் படி: சதோஷி கோன்

2010 ஆகஸ்டில், 46 வயதில், கணையப் புற்றுநோயால் இறந்துபோனார். முழுநீளப் படங்கள் நான்குதான். 'மில்லெனியம் ஆக்ட்ரஸ்' (2001) படத்தில் ஓய்வுபெற்ற நடிகை தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, பேட்டி எடுக்க வந்தவரும் ஒளிப்பதிவாளரும் அவள் நினைவுக்குள்ளும் அவள் நடித்த படங்களுக்குள்ளும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கதவைத் திறந்தால் நூற்றாண்டு மாறிவிடுகிறது. முதலில் இதைப் பாருங்கள்.

பிறகு 'பெர்ஃபெக்ட் புளூ' (1997). பாட்டுக்குழுவை விட்டு நடிக்கப் போகும் மீமா, யாரோ இணையத்தில் தன் பெயரில் தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருப்பதைக் காண்கிறாள். அன்று என்ன வாங்கினாள், எந்தக் காலை முதலில் எடுத்துவைத்தாள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சமூக ஊடகம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் இது. பாலியல் வன்முறையைப் படமாக்கும் ஒரு நீண்ட காட்சி இருக்கிறது. இது முழுக்க முழுக்க வயது வந்தோருக்கான படம். அதைத் தாங்க மாட்டேன் என்று தோன்றினால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

அடுத்து எங்கே

காதல் வேண்டுமென்றால் மகோதோ ஷின்காய். பலரும் 'யுவர் நேம்' (2016) படத்தைச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு நான் சொல்வது 63 நிமிடமே ஓடும் '5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்' (2007). பனியில் ரயில் நின்று நின்று போகிறது, பையன் மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், தொலைவில் ஒரு நிலையத்தில் ஒருத்தி காத்திருக்கிறாள். பிள்ளை வளர்த்தவர்கள் மமோரு ஹொசோதாவின் 'வுல்ஃப் சில்ட்ரன்' (2012) பார்க்கலாம். செய்த தவற்றுக்குப் பிராயச்சித்தம் தேடுபவர்களுக்கு நவோகோ யமதாவின் 'எ சைலன்ட் வாய்ஸ்' (2016).

கடைசியாக, குறைந்தது பத்துப் படம் பார்த்த பிறகு, தகாஹதாவின் இறுதிப் படமான 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா' (2013). மூங்கிலுக்குள் கிடைத்த பெண்குழந்தையைப் பற்றிய ஜப்பானின் பழங்கதை. படம் முழுவதும் கரிக்கோடும் நீர்வண்ணமுமாக, பாதி வரைந்து விட்டது போல இருக்கும். ககுயாவுக்குப் பெயர்சூட்டும் விருந்து நடக்கிறது. திரைக்கு அப்பால் குடித்த ஆண்கள் அவளைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது காதில் விழுகிறது. கையிலிருந்த சிப்பி நொறுங்குகிறது. எழுந்து ஓடுகிறாள். கதவுகள் தெறிக்கின்றன, பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று பின்னால் விழுகின்றன, நிலவொளியில் சாலை நீள்கிறது. ஓட ஓட அவளை வரைந்த கோடுகளும் சிதைகின்றன: முகம் போகிறது, கை போகிறது, கடைசியில் தாளின் மேல் ஆத்திரமாக இழுத்த கரிக்கீற்றுகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, ஒரே ஒரு சட்டத்தை உற்றுப் பாருங்கள். அதில் பெண் இருக்க மாட்டாள். மறுபடி ஓடவிடுங்கள்.